ஓடை சர்வே ப்ளான்: எத்தனை இடம், எதை அளக்கணும்?

ஓடைவழி:
வணக்கம். ஒரு நீர்ப்பிடிப்பு பகுதி முழுக்க ஓடைங்க எந்த நிலைமையில இருக்குன்னு பாக்க சர்வே பண்ணலாம்னு இருக்கோம். சின்ன வாலண்டியர் குழு, லேப் வசதி பெருசா இல்ல. பாலத்துக்கு பக்கமா சுலபமா இறங்குற இடங்களா பாத்து மாசாமாசம் பிஎச், கரைஞ்ச ஆக்சிஜன், நைட்ரேட் அளக்கறதா ப்ளான். போதுமா? எத்தனை இடம் எடுக்கணும்?

நீரடி:
எத்தனை இடம்ங்கறது அப்புறம், முதல்ல என்ன கேள்விக்கு பதில் தேடுறீங்கன்னு முடிவு பண்ணுங்க. ஒரு கழிவுநீர் குழாயால பாதிப்பான்னு பாக்கணும்னா அதுக்கு மேலயும் கீழயும் எடுக்கணும், முடிஞ்சா குழாய் வர்றதுக்கு முன்னாடி இருந்தே. ஆனா மொத்த ஓடை நீளத்துல எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்லணும்னா இடங்களை ராண்டமாதான் எடுக்கணும். பாலத்தடியில ரோட்டுத்தண்ணி வந்து விழும், தூண் ஓட்டத்தையே மாத்தியிருக்கும், அத வச்சு மத்த இடத்தைப் பத்தி பேசவே முடியாது. இன்னொண்ணு, ஓடை நீளத்துல பெரும்பங்கு மேல இருக்குற குட்டி ஓடைங்கதான், ரோட்டோரமாவே போனா அதெல்லாம் விட்டுப்போயிடும், அதனால ஓடை வரிசைப்படி (உச்சியில தொடங்குற குட்டி ஓடை ஒண்ணாவது வரிசை, அதுமாதிரி ரெண்டு சேர்ந்தா ரெண்டாவது, இப்படி) பிரிச்சு எடுங்க. ஆர் (R)ங்கற புள்ளியியல் மென்பொருள்ல எஸ்பிசர்வே (spsurvey)ன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, ஒரே பக்கம் குவியாம பரவலா ராண்டம் இடம் எடுத்துக் குடுக்கும்.

கல்புரட்டி:
தண்ணி மட்டும் அளந்தா அந்த நேரத்து நிலைமைதான் தெரியும். ஆக்சிஜன் விடியறதுக்கு முன்னாடி குறைஞ்சும் மத்தியானத்துக்கு மேல கூடியும் இருக்கும், ஆளாளுக்கு ஒரு நேரத்துல அளந்தா இடத்தோட வித்தியாசமா நேரத்தோட வித்தியாசமான்னே புரியாது. தயவுசெஞ்சு பூச்சிங்களையும் எடுங்க. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மூணோட இளம்பருவமும் மாசக்கணக்கா தண்ணிக்குள்ளயே இருக்கறதால நீங்க இல்லாதப்போ நடந்ததையும் காட்டிக்குடுக்கும், மாசு கூடக்கூட இந்த மூணு வகையும் குறைஞ்சு ட்யூபிஃபெக்ஸ் புழு மாதிரி தாங்குறதுங்க பெருகும். 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கண்ணு வலை போதும், ஆனா எல்லா இடத்துலயும் ஓடை அடியை ஒரே அளவு பரப்பு, ஒரே அளவு நேரம் கிளறணும். வெள்ளம் வந்த உடனே எடுக்காதீங்க, அடிச்சுட்டு போயிருக்கும். வருஷத்துல ஒரே சீசன்ல ஒருதடவை ஒழுங்கா எடுத்தாலே போதும்.

ஓடைவழி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். எதோட ஒப்பிடறது? கைபடாத ஓடைன்னு ஒண்ணுகூட மிச்சமில்லையே.

நீரடி:
இருக்கறதுலயே பாதிப்பு கம்மியானதை எடுத்துக்கலாம், ஆனா சரிவு, பாறை வகை, ஓடையோட அளவு ஒத்துப்போகணும், மலை ஓடையை சமவெளி ஓடையோட ஒப்பிட்டா தப்பான முடிவுதான் வரும். ஒண்ணு மட்டும் வச்சுக்காம பலதை எடுங்க, நல்ல ஓடைங்களுக்குள்ளயே எவ்வளவு ஏத்த இறக்கம் இருக்குன்னு அப்பதான் தெரியும். அப்புறம் ஒரே இடத்துலயே அளவு எவ்வளவு மாறுதுன்னு தெரிய, பத்துல ஒரு இடத்துக்காவது அதே சீசன்ல திரும்பப் போங்க. லிஸ்ட்ல வந்த இடத்துக்கு நிலத்துக்காரர் அனுமதி தரலன்னா பக்கத்துல வசதியான இடத்துக்கு நகராதீங்க, ராண்டம் எடுக்கும்போதே கூடுதல் இடங்களையும் வரிசையா எடுத்து வச்சுட்டு அந்த வரிசைப்படியே அடுத்ததுக்குப் போங்க.