மறு: ‘கஸ்டம் ஆர்டர்’ துப்பாக்கி – தமிழில் என்ன போடலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும், இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரில் பார்க்கர் பிரதர்ஸ் என்று இரட்டைக்குழல் துப்பாக்கி செய்தவர்கள். 1934இல் ரெமிங்டன் வாங்கிவிட்டது. பழைய பார்க்கர் வைத்திருப்பவர் தொடர் எண்ணைக் கொடுத்தால், சேகரிப்பாளர் சங்கத்தார் மிஞ்சியிருக்கும் கம்பெனிப் புத்தகங்களைப் புரட்டி, யார் கேட்டது, குழல் எத்தனை அங்குலம், தோளில் ஊன்றும் கட்டை எவ்வளவு நீளம், எப்போது அனுப்பியது என்று கடிதம் எழுதித் தருகிறார்கள். வாங்குபவர் சொன்ன அளவுக்குச் செய்யும் ‘கஸ்டம் ஆர்டர்’, அப்புறம் அந்தக் கடிதம், இரண்டுக்கும் சொல் வேண்டும். தனிப்பயன் என்று போட்டால் கைப்பேசி அமைப்புப் பக்கத்தின் வாடை வருகிறது.

———

> தனிப்பயன் என்று போட்டால்

போடாதீர்கள். பணித்தல் என்ற வினை இருக்கிறதே, ‘தனிப்பணிப்பு’ என்றால் முடிந்தது. ஆர்டரை அப்படியே விட்டுவிடலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்கிறேன்: மணியார்டருக்கே பணவிடை கண்டவர்கள் நாம். இன்னொன்று, துப்பாக்கியே துருக்கிய வழி வந்த சொல் என்பதால் தலைப்பில் ‘இருகுழல் வேட்டெஃகம்’ என்று பரிந்துரைக்கிறேன். வான்சிறப்பில் வரும் துப்பாக்கி, துப்பு ஆக்கி. அது உணவைப் பற்றியது, இதற்குச் சான்றாகாது.

———

ஐயா, வேட்டெஃகத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பணிப்பும் சரிவராது, எங்கள் இலங்கையில் பணிப்பாளர் என்றால் டைரக்டர். தனிப்பணிப்புத் துப்பாக்கி என்று எழுதினால் ஏதோ திணைக்களத் தலைவருடைய சொந்தத் துப்பாக்கி என்று வாசிப்பார்கள். மணியார்டர் எங்களுக்குக் காசுக்கட்டளை. ஆனால் கடையில் பொருள் கேட்பவர் கட்டளையா இடுகிறார்? கேட்கிறார், அவ்வளவுதான்.

———

தம்பி, முதலில் அந்தப் புத்தகங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுங்கள். ஒன்று ஆர்டர் வந்த தேதி வரிசையில் எழுதியது, நம் கடைக்கணக்கில் அது சிட்டை. மற்றது தொடர் எண் வரிசையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தரம், குழலின் நீளம் குறித்தது, அதை இருப்புப் பதிவேடு எனலாம். இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் கடிதம் எழுதுகிறார்கள். ஏட்டில் இருக்கும் பெயர் பல நேரம் சுட்டவர் பெயரே இல்லை, நடுவில் நின்ற கடைக்காரர் பெயர், அதனால் எங்கேயும் ‘முதல் உரிமையாளர்’ என்று எழுதிவிடாதீர்கள். கடைக்கு இருப்பாகச் செய்து அனுப்பியவைக்கும் இதே கடிதம் வரும், ஆகவே கடிதத்தின் பெயரில் ‘தனி’ ஒட்டவே கூடாது.

கேட்டுச் செய்தது என்றால் என்ன? விசையிலிருந்து கட்டையின் பின்விளிம்பு வரை இவ்வளவு, குழலின் மேல்கோட்டிலிருந்து கட்டை இவ்வளவு தாழவேண்டும், இந்தக் குழலின் முனையில் இறுக்கம் (சோக், அதாவது முனை சற்றே குறுகியிருப்பது) இவ்வளவு, அந்தக் குழலில் இவ்வளவு என்று சொன்னது. இதற்கு மக்களிடமே சொல் இருக்கிறது: ‘சொல்லிச் செய்தது’. நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

———

> ‘சொல்லிச் செய்தது’

இது சொற்றொடர், கலைச்சொல் அல்ல. பன்மை போட்டுப் பாருங்கள், வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். பேச்சில் இருப்பதெல்லாம் கலைச்சொல் என்றால் இந்தக் குழு எதற்கு?

———

ஐயா, ‘சொல்லிச்செய்’ என்று பெயரடையாக வைத்தால் ஏறும். சொல்லிச்செய் துப்பாக்கி, சொல்லிச்செய் அளவுகள். வினைத்தொகை உங்களுக்குப் பிடிக்குமே. கடிதத்துக்கு என் வாக்கு ‘ஏட்டுக் கடிதம்’.

———

ஏட்டுக் கடிதமா? வைத்தீஸ்வரன்கோயிலில் கைரேகை கொடுத்துவிட்டு வாங்கி வந்த மாதிரி இருக்கிறது :-) ஆனாலும் ஒரு விதத்தில் பொருந்துகிறது. கையில் இருப்பது 26 அங்குலம், ஏட்டில் 30 என்றிருந்தால் யாரோ பிற்பாடு அறுத்துவிட்டார்கள் என்று பொருள், முனையில் இருந்த சோக் இறுக்கமும் அதோடு போயிருக்கும். சந்தேகமானால் வாய்ப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்: அறுத்ததில் இரண்டு குழலும் ஒட்டி நிற்காமல் நடுவில் சந்து விட்டிருக்கும், அதில் ஈயம் அடைத்திருக்கவும் கூடும். சோக்கை ‘இறுக்கம்’ என்றது யார்? நெரிவு என்று ஏற்கெனவே பேசியிருக்கிறோம்.

———

இறுக்கமே இருக்கட்டும். குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை, யாரும் கவனிக்கவில்லை. வெளியே குதிரை தெரியாத பார்க்கரை மூலக்கட்டுரை ‘ஹாமர்லெஸ்’ என்கிறது, அதைக் குதிரையற்ற என்று பெயர்த்தால் பொய், குதிரை உள்ளேதான் இருக்கிறது. ‘உட்குதிரை’.

———

எல்லோருக்கும் நன்றி. சொல்லிச்செய், ஏட்டுக் கடிதம், சிட்டை, உட்குதிரை என்று போட்டு அனுப்புகிறேன். ஆசிரியர் முதல் பத்தியிலேயே ‘ஆர்டர்’ என்று திருத்திவிடுவார் என்று நினைக்கிறேன், அதற்கு நான் பொறுப்பில்லை.

———

தனிப்பணிப்பைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளவும். உட்குதிரையில் வரும் குதிரை பரியா, தாங்குகட்டையா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.