அப்பாவின் கொழுப்பு அறிக்கை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா நீரிழிவுக்காரர், ஸ்டென்ட் வைத்தவர். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். புதிய அறிக்கையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 68, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 240, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 34. "கெட்ட கொழுப்புதான் குறைந்துவிட்டதே" என்று மிக்சர் டப்பாவைத் திறந்துவிட்டார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. டிரைகிளிசரைடு ஏறினால் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து, ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் ஆபத்து கூடுமாமே? ஆக்சிஜனேற்றமடைந்த எல்.டி.எல்.லை அளக்கும் பரிசோதனையை யாராவது செய்துகொண்டீர்களா? அதைப் பார்த்து மருத்துவர் சிகிச்சையை மாற்றினாரா, அல்லது அப்போ-பி (கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் புரதம்) பார்த்தாலே போதுமா?

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று உறவினர் ஒருவர் வைட்டமின் ஈ மாத்திரையை நீட்டுகிறார். அது மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2000-இல் வெளியான ஹோப் ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அந்த யோசனை மட்டும் வேண்டாம். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். என்னென்ன கேட்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.