மறு: டிரையாஜ் – ‘தெள்ளல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை நேற்று இரவு முதலிலிருந்து மறுபடி படித்தேன். டிரையாஜுக்கு, அதாவது நம் மென்பொருள் உதவிக் குழுவுக்கு வரும் கேள்வியை முதலில் பார்த்து உரிய இடத்துக்குப் பிரித்தனுப்பும் வேலைக்கு, இதுவரை வந்திருக்கும் தமிழ்ச் சொற்கள்: வகைப்படுத்தல், தரம்பிரிப்பு, முன்னுரிமைப்படுத்தல், வடிகட்டல், நாடிபார்த்தல். நான் முன்வைப்பது வேறொரு சொல், தெள்ளல். அரிசியைச் சுளகில் (முறத்தில்) தட்டிப் பிரிப்பதற்குச் சொல்வது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் குழுவுக்கு வரும் கேள்வியை முதலில் தொடுகிற கை எப்படித் தொட வேண்டும் என்பது இந்தச் சொல்லோடு சேர்ந்த விஷயம் என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். போன மாதம் குலசேகரத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியிருந்தார். “கம்பைல் ஆகமாட்டேங்குது, ஒண்ணு பாருங்க அண்ணா” என்று ஒரே வரி. கூடவே கணினித் திரையை மொபைலில் எடுத்த படம். ஜன்னல் வெளிச்சம் பட்டு பாதி வெளுத்திருந்தது. சி++ என்று கண்ணில் பட்டதும் நான் அதை நேராக நம் செங்கோட்டை அண்ணனுக்குத் தள்ளிவிட்டேன். அவர் வேலை முடிந்து வந்து இரவு பதினொன்றரை வரை ஹெட்டர் கோப்புகளையும் கம்பைலர் பதிப்பையும் தோண்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பாறசாலை அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோப்புறையின் பெயர் ‘புது புராஜெக்ட்’. பிழைச்செய்தியிலோ ‘புது’ வரைதான் இருந்தது. அந்தப் பெயரில் எதையும் உருவாக்க விதி இல்லை என்று மேக் (நிரலைக் கட்டித்தரும் கருவி) சொல்லியிருந்தது. பெயரின் நடுவில் இருந்த இடைவெளியில் மேக் அதை இரண்டாக வெட்டிப் படித்துவிட்டது. குனூ மேக்கோடு பழகியவர்களுக்குத் தெரிந்த பழைய தொல்லை இது. இடைவெளியை எடுக்கச் சொன்னார், ஓடிவிட்டது.

அக்காவுக்கு சி++ தெரியாது. ஆனால் வந்த கேள்வியை முழுதாகப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அண்ணனுடைய ஓர் இரவு வீணாய்ப் போனதற்கு நான்தான் காரணம், அவரிடம் அப்போதே மன்னிப்பும் கேட்டேன்.

ஆக, டிரையாஜ் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது அக்கா செய்த வேலை. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, மறுபடி செய்து பார்த்தால் அதே பிழை வருகிறதா, இதே கேள்விக்கு முன்பே பதில் இருக்கிறதா, வழு (பிழை) கருவியில் இருக்கிறதா அல்லது அமைப்பில் இருக்கிறதா, யாரிடம் போனால் தீரும், எவ்வளவு அவசரம். இத்தனையையும் பார்த்துக் கேள்வியை அதன் இடத்தில் சேர்ப்பது. தீர்த்துவைப்பது இதில் கிடையாது. நிரல்களைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் டிரையாஜ் என்று ஓர் அனுமதி நிலையே வைத்திருக்கிறார்கள், ரீடுக்கும் (படிக்க) ரைட்டுக்கும் (எழுத) நடுவில். அந்த நிலையில் இருப்பவர் வழுக்களுக்கு அடையாளம் (லேபிள்) இடலாம், ஆள் ஒதுக்கலாம், மூடலாம், திறக்கலாம். நிரலில் எழுத முடியாது. பைத்தான் திட்டத்திலும் இதற்கென்று தனியாக ஓர் அணி இருக்கிறது. நிரல் எழுதுகிறவர் செய்யும் உபரி வேலையாக அங்கே இதை வைக்கவில்லை, தனிப் பொறுப்பாகவே மதிக்கிறார்கள்.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

வகைப்படுத்தலை இயந்திரக் கற்றல்காரர்கள் கிளாசிஃபிகேஷனுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். வடிகட்டல் மென்பொருள் பட்டிகளில் வெகு காலமாக வேறு வேலைக்கு இருக்கிறது. ஒரே திரையில் வடிகட்டி என்ற பொத்தானும் வடிகட்டல் என்ற அடையாளமும் இருந்தால் புதிதாய் வருகிறவர் குழம்பிப்போவார். முன்னுரிமைப்படுத்தல் இந்த வேலையின் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறது. அதோடு மொபைல் திரையில் அது ஓர் அடையாளத்துக்குள் அடங்காது, ‘முன்னுரிமை...’ என்று வெட்டுப்பட்டுத்தான் நிற்கும்.

நாடிபார்த்தல் என்று நாகர்கோவில் நண்பர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் ஜில்லாவில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை, அந்தச் சொல்லும் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் நாடி பார்க்கிறவர் வைத்தியர். நோய் இன்னது என்று அவர் சொல்லியாக வேண்டும். எக்ஸ்பர்ட்டுக்கு ‘ஆசான்’ வேண்டாம், ‘வல்லுநர்’ போதும் என்று முன்பு முடிவு செய்தோமே, அதே காரணம்தான் இங்கேயும். ஆசான் என்றால் கேட்கிறவர் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும் என்றோம். டிரையாஜ் செய்ய வருகிற கல்லூரிப் பிள்ளைகளை நாடி பார்க்கச் சொன்னால் பயந்து ஒதுங்கிவிடுவார்கள்.

அடுத்து சித்தூர் நண்பர் எழுதியது:

> தரம்பிரிப்பு என்றால் எல்லாருக்கும் உடனே புரியுமே. உங்கள் பக்கம் ரப்பர் ஷீட், அண்டிப்பருப்பு (முந்திரி) எல்லாம் அப்படித்தானே பிரிக்கிறார்கள்?

ஆமாம், அப்படித்தான். எங்கள் அம்மா பத்தொன்பது வருடம் அண்டியாபீசில் கிரேடிங் பகுதியில் இருந்தார். ஒரு பவுண்டுக்கு 180 பருப்புக்குள் நின்றால் டபிள்யூ 180, 320க்குள் நின்றால் டபிள்யூ 320. அப்புறம் பிளந்தது, உடைந்தது, பொடி. அம்மாவின் விரல் பருப்பைத் தொட்டதுமே எண்ணைச் சொல்லிவிடும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை; உடைந்த பருப்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதன் விலை கீழேதான். தரம் என்று சொன்னதுமே எங்கள் ஊரில் காதில் விழுவது விலை.

அந்தச் சொல்லைக் கேள்விகளுக்கு மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு கருவிக்கான உதவிக் குழுவில் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டேன். ஆங்கிலத்தில் எழுத ஒரு மணி நேரம் ஆனது. பத்து நிமிடத்தில் ‘தரம் குறைந்த கேள்வி’ என்று குறித்து மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு வருடம் நான் எங்கேயும் எதுவும் கேட்கவில்லை. மூடியவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு நூறு கேள்வி பார்த்திருப்பார், கைக்கெட்டிய அடையாளத்தைப் போட்டிருப்பார். அந்த அடையாளத்துக்கு வேறு பெயர் இருந்திருந்தால் நான் பதிப்பு எண்ணைச் சேர்த்து மறுபடி கேட்டிருப்பேன்.

அதே அம்மா வீட்டில் சுளகை எடுத்தால் வேறு கதை. கைவிளிம்பால் ஒரு தட்டு, மெல்ல ஒரு சாய்ப்பு. அரிசி உள்பக்கம் ஒதுங்கும், நொய் விளிம்புக்கு இறங்கும், கல் தனியே நிற்கும். அரிசி பானைக்கு, நொய் கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு. கல்லைத் தவிர எதையும் எறிய மாட்டார். நொய்யை மட்டம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அது போகிற பாத்திரம் வேறு, அவ்வளவுதான். குலசேகரத்து மாணவரின் கேள்வி போக வேண்டியிருந்த பாத்திரமும் வேறு.

சுளகில் செய்யும் வேலைக்குத் தமிழில் எத்தனை சொற்கள் பாருங்கள்! புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல். ஒவ்வொன்றுக்கும் கை அசைவு வேறு. புடைத்தால் உமி பறக்கும். நமக்கு எதையும் பறக்கவிட வேண்டாம். கொழித்தல் பொருத்தம்தான், ஆனால் செல்வம் கொழிப்பதுதான் எல்லார் மனத்திலும் முதலில் வரும். நாவுதல் இன்றைக்கு அநேகமாகப் புழக்கத்தில் இல்லை. தெள்ளுதல் இருக்கிறது. பாறசாலை அக்காவிடம் கேட்டேன். அவர் வீட்டில் மலையாளம்தான். அங்கேயும் அரிசிமாவைத் தெள்ளித்தான் எடுக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அர்த்தத்தில் நிற்கும் சொல் கிடைத்தால் நம் குழுவுக்கு அது பெரிய வசதி.

போர்க்களத்தில் காயம்பட்டவர்களை அவசரத்தின்படி பிரிப்பதற்கான சொல்லை அடுக்களைக்குக் கொண்டுவரலாமா என்று ஒருவர் தயங்கியிருந்தார். நெப்போலியனின் படை மருத்துவர் லாரேயோடு சேர்த்து இந்த வேலையைச் சொல்வது வழக்கம், அது உண்மை. ஆனால் பிரெஞ்சு வினைச்சொல்லுக்குப் பொருள் பொறுக்கிப் பிரிப்பது என்பதுதான். ஆங்கிலத்திலும் அச்சொல் முதலில் கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் பிரிப்பதற்கு வந்தது. மருத்துவத்துக்குப் போனது வெகு காலம் கழித்து. கொட்டை பிரித்த கையிலிருந்து அவர்கள் எடுத்தார்கள். அரிசி தெள்ளிய கையிலிருந்து நாம் எடுப்பதில் என்ன தயக்கம்?

தெள்ளு என்றால் தெள்ளுப்பூச்சிதானே என்று தென்காசித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அது பெயர்ச்சொல். நம்முடையது வினை, தெள்ளல், தெள்ளிய, தெள்ளாத என்று வரும்போது பூச்சி நினைவு யாருக்கும் வராது. தெள்ளிய நீர் என்று எழுதும்போது நாம் குழம்புவதில்லையே. கலங்கி வந்த கேள்வி தெளிந்து போகிறது என்ற சாயலும் அதிலேயே கிடைக்கிறது.

கலைச்சொல்லில் நான் முதலில் பார்ப்பது அது வினையாக நடக்குமா என்பதை. ‘நேற்று பன்னிரண்டு கேள்வி தெள்ளினேன்’, ‘இதை இன்னும் யாரும் தெள்ளவில்லை’, ‘தெள்ளிவிட்டு அண்ணனிடம் கொடு’. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. அடையாளங்கள்: தெள்ளாதது, தெள்ளியது, விவரம் தேவை, முன்பே கேட்டது. கடைசியானதற்கு ‘நகல்’ என்று நம் பட்டியலில் இருக்கிறது, அதையும் தயவுசெய்து மாற்றுவோம். நகல் என்றால் யாரையோ பார்த்து எழுதியதாக ஒரு குற்றச்சாட்டு போலத் தொனிக்கிறது. ‘முன்பே கேட்டது’ என்றால் பழைய பதிலின் சுட்டியைக் கொடுத்து அனுப்பலாம், வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

இந்த வேலைக்குப் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வைத்த வழி) கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். வெகு காலமாக ஒரே ஒரு தன்னார்வலர் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த கருவி அது. ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கும் மடல்கள் வந்தன. உதவ வந்தவராக நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் கையில் பொறுப்பு போனது, கதவைத் திறந்தது அவர்தான். தெள்ளுவதற்கு நாலு பேர் இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரும் மடல் எல்லாம் ஒரே ஆள் மேல் விழுகிற எந்தக் குழுவும் அந்த ஆளைக் களைக்கவைக்கும். நம் செங்கோட்டை அண்ணன் இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை ‘கொஞ்ச நாள் ஒதுங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டார். பெயரில்லாத வேலைக்கு ஆள் கூப்பிட முடியாது. ‘இந்த வாரம் தெள்ளுநர் இரண்டு பேர் வேண்டும், சி++ தெரிய வேண்டியதில்லை’ என்று எழுதினால் மார்த்தாண்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள்.

தெள்ளுநரா, தெள்ளுபவரா என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. ஓட்டுநர், இயக்குநர் வழியில் தெள்ளுநர் சரியாகத்தான் நிற்கிறது. ஆனால் பேச்சில் ‘தெள்ளுனர்’ ஆகி, அப்புறம் எழுத்துச் சண்டை தொடங்கும். பாலக்காட்டுப் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தெள்ளுவது அங்கே எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அரிசிக்கா, மாவுக்கா, இரண்டுக்குமா? ஞாயிற்றுக்கிழமை இரவு வரை மறுப்பு எதுவும் வராவிட்டால் திங்கள் காலை அடையாளங்களை நானே மாற்றிவிடுகிறேன். இப்போது வரிசையில் முப்பத்தொரு கேள்விகள் தெள்ளாமல் கிடக்கின்றன.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து