கேட் தேர்வு (எம்.டெக் போன்ற மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு), மதுரை சென்டர்: ஆதார் ஜெராக்ஸ் செல்லுமா?

உசிலை வாசகி: தம்பிக்கு காலை ஷிப்ட், மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரி. ஆதார் ஜெராக்ஸ் போதுமா? சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டு போகலாமா?

வைகைக்கரை: ஜெராக்ஸ் செல்லாதுங்க. விண்ணப்பத்தில் எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தாரோ அதே அட்டையின் ஒரிஜினல் வேண்டும், கூடவே அட்மிட் கார்டு பிரிண்ட். தேர்வு கம்ப்யூட்டரில்தான், கால்குலேட்டர் அதன் திரையிலேயே இருக்கும். வெளியிலிருந்து எதையும் விடமாட்டார்கள். ஒவ்வொரு எண்ணையும் மவுஸில் அழுத்துவதால் கணக்கு இழுக்கும், இப்போதே அதில் பழகச் சொல்லுங்கள். எண்ணாகத் தர வேண்டிய விடைக்கும் திரையில் உள்ள விசைகள்தான். விடையைத் தொட்டுவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் அது பதிவாகாது. படித்த பிள்ளைகளுக்கே மார்க் போகும் இடம் இது.

உசிலை வாசகி: ரஃப் பேப்பர்?

மாசி வீதி: ஸ்கிரிபிள் பேட் அங்கேயே தருவார்கள். முதலில் பெயரும் பதிவெண்ணும் எழுதணும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கணும். 180 நிமிடம் முடியாமல் எழுந்து வர முடியாது. தேர்வு 9.30க்கு. உசிலம்பட்டி பஸ் ஆரப்பாளையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுத்தாவணி போய்த்தான் மேலூர் பஸ் பிடிக்கணும். அந்த நேரத்தையும் சேர்த்தே கிளம்புங்க.