சாராயத்துக்கு வாசனை இருந்தது

அணைக்கட்டுக்காரன்:
அவங்கவங்க ஊர்ல போதையைத் தடுக்க என்ன செஞ்சாங்க, கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் வேலூர்ப் பக்கம் மலையடிவாரம். 1987-ல் சாராயக் கடையை அரசு மூடினதும் மலைமேல அடுப்பு எரிய ஆரம்பிச்சது. தொண்ணூறுகள்ல லாரி டியூப்ல ரொப்பி, விடியறதுக்கு முன்னாடி தலைச்சுமையா இறக்கிடுவாங்க. எங்க நைனாவும் குடிச்சவர்தான்.

அம்மாவும் தெருப் பொம்பளைங்க அஞ்சாறு பேரும் எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கிற அறிவொளி வகுப்புக்குப் போய்க்கினு இருந்தாங்க. 1992-ல் நெல்லூர்ப் பக்கம் பொம்பளைங்க சாராயத்தை எதிர்த்துக் கிளம்பின கதை அங்கதான் காதுல விழுந்திருக்கு. அப்புறம் இவங்களும் வேவு பார்க்க ஆரம்பிச்சாங்க. சாராயம் காய்ச்ச வேலம்பட்டையும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைக்கிறதுதான் ஊறல். வேலமரத்துல புதுசா பட்டை உரிச்சிருந்தா அந்த வாரம் ஊறல் உண்டு. மளிகைக் கடையில வெல்லம் மூட்டையா போனாலும் உண்டு. மத்ததைக் காத்து சொல்லிடும். ஊறல் புளிச்சா ஆடு மேய்க்கிற கிழவிக்கு அது எந்தப் பாறைக்குப் பின்னாடின்னே தெரியும்.

முதல் பானையை உடைச்சது எங்க பெரியம்மா. காய்ச்சினது அவங்க சொந்தக் கொழுந்தனார். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல, நல்லது கெட்டது இல்ல. ஊர்வலத்துல பேனர் பிடிக்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது.

போலீஸ் வந்து ஊறலைக் கொட்டிட்டுப் போனா நாலாம் நாள் வேற பானை ஊறும். கொழுந்தனார் நிறுத்தினது அரசு மறுவாழ்வு நிதியில கறவை மாடு வந்த பிறகுதான். "சாராயம் இறக்கற நேரமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தற நேரமும் ஒண்ணுடா, ரெண்டுல ஒண்ணுதான் செய்ய முடியும்"னு அம்மா இன்னும் சிரிப்பாங்க.

பாலாத்து மணல்:
எங்க தாத்தா கள் இறக்கினவர். 1937-ல் ராஜாஜி சேலத்துல கொண்டாந்த மதுவிலக்கு 1939-ல் நம்ம வட ஆற்காட்டுக்கு வந்துச்சு. மரம் அதே மரம், ஏறினா குத்தம். அப்புறம் 1971-ல் மதுக்கடையைத் தொறந்தாங்க, 74-ல் மூடினாங்க, 81-ல் மறுபடி தொறந்தாங்க. "கதவுக்கு எண்ணெய் போட்டே அரசாங்கம் களைச்சுப் போச்சு"ன்னு சொல்லிக்கினே கண்ணை மூடினார். நான் சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

மூணு சக்கரம்:
காட்பாடி ஸ்டேஷன்ல ஆட்டோ ஓட்டறேன். ஆந்திரா பக்கத்துல இருந்து வர்ற ரயில்ல கஞ்சா மாட்டுச்சுன்னு பேப்பர்ல அடிக்கடி பார்ப்பீங்க. ஒரு நாள் விடிகாலை ரெண்டு பசங்க, பை மட்டும் போவணும், ஆள் வரல, கேட்ட காசு தர்றோம்னாங்க. கஞ்சா வாடையை மறைக்கவோ என்னவோ, பை மேல காபித்தூள் வாசனை அப்படி அடிக்குது. வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டு ஓரமா போய் மதுவிலக்குப் போலீசோட 10581-க்குப் போன் போட்டேன். பேர் கேக்கல. அதுக்கப்புறம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, நானும் கேக்கல.

சாக்பீஸ்:
காபித்தூளாவது வாசனை அடிச்சதே அண்ணே. நான் பள்ளி ஆசிரியை. 2022 ஆகஸ்ட் 11 அன்னிக்கு எல்லாப் பள்ளியிலயும் போதைக்கு எதிரா உறுதிமொழி எடுத்தோம். முதல் வரிசையில நின்னு கணீர்னு சொன்ன பையன் ஒருத்தன், ஒன்பது மாசம் கழிச்சு மே வெயில்லயும் முழுக்கைச் சட்டையோட திரிஞ்சான். குடிச்ச நாத்தம் இல்ல, தள்ளாட்டம் இல்ல. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிட்டிருந்தான். கண்டுபிடிச்சது நானில்ல, அவன் தங்கச்சி.

அவங்க அம்மா பீடி சுத்தறவங்க. பாகாயம் மனநல மையத்துக்குப் போலாம்னு சொன்னப்ப, "என் புள்ள பைத்தியமா டீச்சர்?"னு கத்திட்டாங்க. நம்ம ஊர்ல பாகாயம்னாலே கிண்டல்தானே. மூணு வாரம் பேசினேன். கடைசியில அவங்க மனசு மாறினது என்னால இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் குடியை விட அங்க போயிட்டு வந்தவராம், அவரே கூட வரேன்னாரு. ஒருவேளை நான் முதல் நாளே அவரைத்தான் தேடியிருக்கணும்.

பையன் நடுவுல ஒரு தடவை மறுபடி விழுந்தான். இப்ப பாலிடெக்னிக் போறான். சீட்டு இல்லாம மாத்திரை தராதீங்கன்னு தெரு மெடிக்கல் கடைகளுக்குப் போய்ச் சொன்னோம். ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார், ஒருத்தர் முறைச்சார்.

அணைக்கட்டு அண்ணே, உங்க அம்மா கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இதை எப்படி மோப்பம் பிடிக்கிறது?

அணைக்கட்டுக்காரன்:
கேட்டேன் டீச்சர். மாத்திரைக்கு வாசனை இல்லைன்னா நம்பல. "வேலம்பட்டை மாதிரி அதுக்கும் ஏதாவது ஒண்ணு வாங்கித்தான் ஆவணும்"னாங்க. ஊசி வாங்கணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், சர்க்கரை வியாதிக்காரங்க இல்லாத வீட்டுக் குப்பையில ஊசி கெடக்கான்னு தெரு கூட்டறவங்களை விசாரிச்சாங்களான்னு கேட்டாங்க.

நீங்க விசாரிச்சீங்களா?

சாக்பீஸ்:
இல்ல அண்ணே. நாளைக்குக் காலையில பார்க்கிறேன்.