முதுகில் கட்டி: மரத்துப்போற ஊசி போட்டு எடுக்கும்போது என்னென்ன நடக்கும்?

பைக்பயணி:
மேல் முதுகுல, தோள்பட்டைக்குப் பக்கத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நடுவுல சின்னதா கரும்புள்ளி இருக்கு. சர்ஜன் பார்த்துட்டு, "செபேசியஸ் சிஸ்ட் (தோலுக்கடியில பை மாதிரி இருக்கற கட்டி), லோக்கல் (அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கற ஊசி) கொடுத்து எடுத்துடலாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்"னு சொல்லி அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கார். வெறும் வயித்துல போகணுமா? கத்தி வைக்கும்போது தெரியுமா? பாதியில மரப்பு விட்டுட்டா என்ன செய்வாங்க? தையல் எப்போ பிரிப்பாங்க, பைக் எப்போ ஓட்டலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தியேட்டர்சிஸ்டர்:
தம்பி, வேற மயக்க மருந்தும் சேர்த்துக் கொடுக்கறதா சொல்லியிருந்தா மட்டும்தான் பட்டினி. வெறும் லோக்கல்னா நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. பசியோட பயமும் சேரும்போதுதான் ஊசி போட்டதும் தலை சுத்தும். அதைப் பலர் "எனக்கு அந்த மருந்து அலர்ஜி"ன்னே காலத்துக்கும் சொல்லிட்டிருப்பாங்க. லிக்னோகெயினுக்கு, அதாவது அந்த மரத்துப்போற மருந்துக்கு, உண்மையான அலர்ஜி ரொம்ப அபூர்வம்.

முன்பக்கம் பட்டன் வச்ச தளர்வான சட்டை போட்டுட்டுப் போங்க. தலை வழியா மாட்டற டி-ஷர்ட்டைக் கழட்டக் கையைத் தூக்கினா தையல் இழுக்கும்.

உங்களைக் குப்புறப் படுக்க வச்சு, பெட்டடின் தடவி, ஓட்டை போட்ட பச்சைத் துணியை மேல போர்த்துவாங்க. மொத்தத்துல வலிக்கறது ஊசிதான். மருந்து கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால உள்ளே போகும்போது பத்து பதினைஞ்சு விநாடி சுரீர்னு எரியும். மெல்லிய ஊசியில மெதுவா போட்டா எரிச்சல் குறையும். 10 மி.லி. மருந்துக்கு 1 மி.லி. சோடியம் பைகார்பனேட் கலந்தா இன்னும் குறையும். "கொஞ்சம் மெதுவா போடுங்க டாக்டர்"னு கேக்கறதுல தப்பே இல்ல.

அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கற மருந்து) கலந்த ஊசின்னா ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம். அது தானா அடங்கிடும். ஆனா உதட்டைச் சுத்தி மரத்தாலோ, காதுல இரைஞ்சாலோ, வாயில உலோக ருசி வந்தாலோ உடனே வாய்விட்டுச் சொல்லுங்க. மருந்து ரத்தத்துல அதிகமா கலக்கறதோட முதல் அறிகுறி அது. 60 கிலோ எடை உள்ளவங்களுக்கு அட்ரினலின் கலந்த 2% மருந்து ஏறக்குறைய 20 மி.லி. வரை கொடுக்கலாம். உங்க கட்டிக்கு 5 முதல் 8 மி.லி. போதும்.

கத்திமுனை:
மரத்த பிறகும் தொடுவதும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்புகள் முதலில் அடங்கும். அழுத்தத்தை உணர்த்தும் தடித்த நரம்புகள் முழுதாக அடங்குவதில்லை. இது முன்கூட்டியே தெரியாததால்தான் பலர் நடுவில் பதறுகிறார்கள். இழுப்பு இருக்கலாம், குத்தும் வலி இருக்கக் கூடாது. இருந்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் போடுவார்கள். அட்ரினலின் இல்லாமலேயே மரப்பு பொதுவாக முக்கால் மணி நேரம் நிற்கும். வேலை அரை மணி நேரம்தான். கசிவை நிறுத்த ரத்தக்குழாயை மின்சாரக் கருவியால் சுடும்போது கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதற்காகத்தான் முன்பே சொல்ல வேண்டும்.

கரும்புள்ளியையும் சேர்த்துத் தோலைக் கண் வடிவத்தில் வெட்டி, உள்ளே இருக்கும் பையை முழுசாகப் பிரித்தெடுக்க வேண்டும். பையின் உறையில் ஒரு துண்டு தங்கினாலும் கட்டி திரும்ப வரும். எடுத்ததை ஃபார்மலினில் போட்டுப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய தழும்பு ஏதாவது தடித்து வளர்ந்திருக்கிறதா? மேல் முதுகும் தோளும் நெஞ்சும் கீலாய்டு (தடித்து வளரும் தழும்பு) வர வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள். அப்படி இருந்தால், இந்தக் கட்டி தொந்தரவே தராத பட்சத்தில், எடுப்பதா வேண்டாமா என்று மறுபடி பேசுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

பைக்பயணி:
நன்றி. தழும்பு எதுவும் தடிக்கல, வேற மாத்திரையும் இல்ல. ஆனா ரெண்டு நாளா கட்டி சிவந்து சூடா இருக்கு, தொட்டா வலிக்குது. தேதி வரைக்கும் பொறுக்கலாமா?

கத்திமுனை:
பொறுக்க வேண்டாம், நாளைக்கே காட்டுங்கள். வீங்கிப் பழுத்த நிலையில் உறை இற்றுப்போய் முழுசாக வராது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. சீழ் கோத்திருந்தால் சின்னதாகக் கீறி வெளியேற்றிவிட்டு, வீக்கம் வற்றிய பிறகு, நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து உறையோடு எடுப்பார்கள். அதுவரை பிதுக்காதீர்கள். உள்ளுக்குள் உறை கிழிந்தால் புண் இன்னும் பெரிதாகும்.

தியேட்டர்சிஸ்டர்:
எடுத்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். ரெண்டு மூணு மணி நேரத்துல மரப்பு விடும், அதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் போட்டுக்கோங்க. வலிக்குன்னு ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் கசியும். கட்டு நனைஞ்சா சுத்தமான துணியை வச்சு 15 நிமிஷம் விடாம அழுத்துங்க. நின்னுடுச்சான்னு நடுவுல எடுத்துப் பார்த்தா உறைஞ்சது பிரிஞ்சு மறுபடி கசியும். அப்படியும் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு நாள் நனைக்காம இருந்தா போதும், அப்புறம் தண்ணி ஊத்திக் குளிச்சுட்டு ஒத்தி எடுங்க. மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாதீங்க.

முகத்துல தையலை அஞ்சாறு நாள்ல பிரிச்சிடலாம். முதுகுல தோல் சதா இழுபடும், அதனால 10 முதல் 14 நாள் ஆகும். வண்டியில கை நீட்டிப் பிடிக்கறதும் தோள்பை மாட்டறதும் தையலைத்தான் இழுக்கும், பிரிக்கற வரைக்கும் பஸ்ஸுல போங்க. பிரிச்ச அன்னைக்கு அந்த இடத்துக்குத் தோலோட பழைய பலத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதனால ஒரு மாசத்துக்கு சிலிண்டர், தண்ணி கேன் தூக்கறது, தண்டால் எல்லாம் வேண்டாம்.

கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டா சீழ் வைக்கும்னு வீட்டுல சொல்வாங்க. அப்படி இல்ல. முட்டை, மீன், பருப்பு நல்லா சாப்பிடுங்க, புண் ஆறப் புரதம் வேணும். முதல் நாளைவிட மூணாம் நாள் வலி குறைஞ்சிருக்கணும். கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ தையல் பிரிக்கற நாளுக்குக் காத்திருக்காதீங்க.