மார்பக பயாப்ஸி முடிவு எங்கே தேங்குகிறது? – அனுபவப் பகிர்வு

நோயியல் மருத்துவர்:
ருவாண்டாவின் இரண்டு கிராமப்புற மருத்துவமனைகளை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோயின் அறிகுறி தெரிந்ததிலிருந்து நோய் உறுதியாகும்வரை, காத்திருந்த காலப்படி வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் நோயாளிக்கு 15 மாதம் ஆகியிருந்தது. முதல்முறை மருத்துவம் பார்க்க வந்த பிறகு போனதே 5 மாதம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் வரம்பு 60 நாள். நோயியல் மருத்துவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் முதல் பாட்டிலில் அனுப்பிய திசு கெட்டுப்போய், மறுபடி ஊசியால் திசு எடுக்க நேர்வதால் போகும் வாரங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஹிஸ்டோபதாலஜி டெக்னீஷியன்:
அந்தப் பாட்டிலைப் பற்றியே சொல்கிறேன். திசு அழுகாமல் காக்கும் திரவத்துக்கு: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த பாஸ்பேட் உப்புகள் இல்லை என்று வெறும் தண்ணீரில் கலந்தால் நாளாக நாளாக அமிலமாகும். ஸ்லைடில் பழுப்புத் துகள் படியும், ஏற்பிச் சோதனையும் (கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் போன்றவற்றுக்கான ஏற்பிகள் உண்டா என்று சாயமேற்றிப் பார்ப்பது) நம்பும்படி இருக்காது. திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும்.

அதிகம் கெடுவது முழு மார்பகம். வெட்டாமல் அப்படியே வாளியில் போட்டு அனுப்புகிறார்கள். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் உள்ளே இறங்கும். வெளியே கெட்டிப்படும், நடுவில் இருக்கும் கட்டி அழுகும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 5–10 மி.மீ. துண்டங்களாக அரிந்து, இடையிடையே காஸ் துணி வைத்து அமிழ்த்துங்கள். குறுகிய வாய் பாட்டில் வேண்டவே வேண்டாம்: உள்ளே திணித்தது கெட்டிப்பட்டபின் வெளியே வராது. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். எடுத்த நேரம், போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்று ஆல்கஹால். திசுவிலுள்ள நீரை ஆல்கஹாலால் நீக்கி, பிறகு ஸைலீனில் போட்டு, கடைசியில் மெழுகில் பதித்து 'பிளாக்' ஆக்குவோம். விலை கருதித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அதில் நீர் ஏறும். ஸைலீன் பால்போல் கலங்கினால் அதுதான் காரணம். அந்த பிளாக் நடுவில் குழிந்து, மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோம் கருவியில் கிழியும். மெழுகை உருக்கி, ஸைலீன், ஆல்கஹால் என்று பின்னோக்கிப் போய் மறுபடி செய்ய வேண்டும்.

நோயியல் மருத்துவர்:
இதோடு ஏற்பிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயன்படும் ஆன்டிபாடி (ஏற்பியில் போய் ஒட்டும் புரதம்) 2–8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மின்வெட்டில் குப்பி வீணானால் அடுத்த இறக்குமதிவரை சோதனையே நிற்கும். செலவைக் குறைக்க ஸ்லைடுகள் சேரட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. கட்டிக்குப் பக்கத்திலுள்ள இயல்பான பால் நாளங்களே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு நிறம் ஏறாமல் இருந்தால் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடாதீர்கள். கெட்டது திசுவாகவோ சாயமாகவோ இருக்கலாம். அந்த ஒரு சொல்லால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கிடைக்க வேண்டிய பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகும். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் பிளாக்காக அனுப்புங்கள். வெட்டி வைத்த ஸ்லைடு ஆறு வாரம் தாண்டினால் நிறம் மங்கும்.

காசநோய்க்காக வாங்கிய ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே ஏற்பிகளின் ஆர்.என்.ஏ.வை அளக்கும் கார்ட்ரிட்ஜ் ருவாண்டாவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. சில மணி நேரத்தில் முடிவு வரும். ஆனால் அதற்கும் ஃபார்மலினில் ஒழுங்காகப் பதப்பட்ட திசுவின் பிளாக் வேண்டும்.

புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்:
ரிப்போர்ட் தயாராகி அலமாரியில் கிடப்பதையும் சொல்லியாக வேண்டும். படிவத்தில் நோயாளியின் எண்ணோடு, ஊரில் இருக்கும் இன்னொருவர் எண்ணும் வாங்குங்கள். எந்தப் பக்க மார்பு, கடிகார முள் கணக்கில் எந்த இடம் என்பது விடுபட்டால் ஆய்வகம் பாட்டிலைத் திருப்பி அனுப்பும். அனுப்பிய பயாப்ஸிக்குத் தனிப் பதிவேடு போட்டு, முடிவு வராதவற்றை வாரம் ஒருமுறை ஆய்வகத்துக்கு போன் செய்து கேளுங்கள்.